ஐந்து புள்ளி ஆறு

சோதனை அறையில் அவள் ஒருத்திதான். மேல்மாடியில் ஆறு பேர் அரட்டையும் சிரிப்புமாக சர்க்யூட் போர்டுகளில் ஈயம் வைத்துக்கொண்டிருப்பார்கள். முடிந்த போர்டுகள் தட்டில் அடுக்கிக் கீழே வரும். அவள் மீட்டரை வைத்து அளப்பாள். சரியென்றால் பச்சை ஒட்டு, இல்லையென்றால் சிவப்பு. நாள் முழுக்க வாயைத் திறக்காமல் வேலை பார்ப்பதால் மேலே அவளுக்கு வைத்த பெயர், மீட்டர்.

அந்த போர்டுகள் போவது, படுத்த படுக்கையாக இருப்பவர்கள் ஆளைக் கூப்பிட அழுத்தும் மணிக்குள். ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும். அதை ஐந்தாகக் குறைத்துக் கொடுக்க உள்ளே ஒரு ரெகுலேட்டர். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று தீர்மானிக்க அதன் பக்கத்தில் இரண்டு ரெசிஸ்டர்கள். ஐந்துக்குக் கொஞ்சம் குறைந்தாலும் மணி சில நேரம் அடிக்கும், சில நேரம் அடிக்காது.

அந்த ரெசிஸ்டர்களைப் பற்றவைப்பவள் ஈயக்கா. பதினைந்து வருடமாக அதே ஸ்டூல். மதியம் டப்பாவோடு படியிறங்கி வந்து, "என்னடி மீட்டர், இன்னைக்கு எத்தனை பேரை ஃபெயிலாக்கின?" என்று கேட்டபடி எதிரே உட்காருவாள். அந்த அரைமணி நேரத்துக்காகவே அவள் காலையில் பஸ் ஏறுகிறாள் என்பது ஈயக்காவுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை ஒரு போர்டு ஐந்து புள்ளி ஆறு காட்டியது. அடுத்ததும் அதேதான். அவள் பேட்டரியை மாற்றிப் பார்த்தாள். ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்த்தாள், சூடில்லை. பிறகு பதினொரு போர்டுகளில் சிவப்பு ஒட்டி, 'ரெசிஸ்டர் மாறியிருக்கிறதா பார்க்கவும்' என்று எழுதி மேலே அனுப்பினாள்.

ஈயக்கா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, அளவைக் காட்டும் கலர் பட்டையெல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். சூப்பர்வைசர் கேட்கவில்லை. "மீட்டர் பொய் சொல்லுமா? உங்க கண்ணுதான் பொய் சொல்லுது" என்று சொல்லிவிட்டு, இன்னொருத்தியை விட்டு ஒரு படி குறைந்த ரெசிஸ்டரைப் போடவைத்தார். கச்சிதமாக ஐந்து வந்தது. அவள் பச்சை ஒட்டினாள். அன்றிலிருந்து எல்லாப் போர்டும் அப்படியே. புதன்கிழமை ஈயக்காவை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

செவ்வாயிலிருந்தே எதிர் நாற்காலி காலி. டப்பாவைத் திறந்து, இரண்டு வாய் சாப்பிட்டு, மூடி வைத்தாள்.

வியாழன் மதியம் இரண்டு மணி. கடைசித் தட்டு. நான்கு மணிக்கு வேன் வரும், இந்த வாரம் செய்த நாற்பது அழைப்பு மணிகளும் போய்விடும். புது பேட்டரி ஒன்றை மாட்டப் போனவள், சும்மா அதையும் அளந்தாள். பத்து புள்ளி ஆறு.

புதிதுதானே, கொஞ்சம் தாராளம் என்று அதை மாட்டத் தொடங்கியவள், பாதியில் நிறுத்தினாள். புது பேட்டரி ஒன்பதரை வரை காட்டும், பத்தைத் தாண்டாது. காகிதத்தை எடுத்து வகுத்தாள். ஐந்துக்குப் பதில் ஐந்து புள்ளி ஆறு. ஒன்பதரைக்குப் பதில் பத்து புள்ளி ஆறு. இரண்டிலும் ஒரே விகிதம்.

நாற்காலியில் ஏறி கடிகாரத்தை இறக்கி அதன் செல்லைப் பிடுங்கினாள். வருடக்கணக்காக ஓடிய செல். மீட்டர் ஒன்று புள்ளி ஆறு எட்டு என்றது. புதுச் செல்லுக்கே அவ்வளவு வராது.

மீட்டரின் முதுகைக் கழற்றினாள். உள்ளே அதற்கென்று ஒரு பேட்டரி, செத்தும் சாகாமலும். பேட்டரி இறங்கினால் மீட்டர் கூடுதலாகக் காட்டும் என்று கல்லூரியில் படித்ததுதான். அப்படி இறங்கும்போது திரையின் ஓரத்தில் ஒரு சின்ன அடையாளம் வர வேண்டும். அந்த ஓரத்தில் ஸ்டோர்காரர்கள் கொடுத்த எண் சீட்டு இருந்தது. போன மாதம் அவளே ஒட்டியது. அங்கே எதுவும் தெரிந்து அவள் பார்த்ததில்லை. காலி இடம் என்று நினைத்திருந்தாள்.

புது பேட்டரி போட்டாள். பச்சை ஒட்டிய போர்டு ஒன்றை அளந்தாள். நாலு புள்ளி நாலு ஆறு.

யாரோ ஒருவர் இருட்டில் மணியை அழுத்துவதும், பக்கத்து அறையில் எதுவும் கேட்காமல் இருப்பதும் அவளுக்குக் கண்முன் வந்தது.

பேக்கிங் கூடத்துக்கு அவள் அதுவரை போனதில்லை. டேப் கிழிக்கும் சத்தம், ரேடியோ, பத்துப் பதினைந்து பேர். சூப்பர்வைசர் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"சார், இதை அனுப்பக் கூடாது."

"என்னம்மா? சத்தமா சொல்லு."

"தப்பு என்னோடதுதான் சார். மீட்டர்ல பேட்டரி இறங்கியிருக்கு. முதல்ல வந்த போர்டெல்லாம் சரியாத்தான் இருந்துது. நாம மாத்தினதுதான் தப்பு. நாற்பதும்."

யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள். "நாற்பதுமா!" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "வேன் வர்ற நேரத்துல வந்து சொல்றியே!"

கோடியில் ஈயக்கா கையில் டேப்போடு நின்றிருந்தாள். மூக்கில் புதுக் கண்ணாடி.

"அப்போ என் கண்ணு?"

"உங்க கண்ணுல ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லையா? செவ்வாய்க்கிழமை முழு நாள் லீவு போட்டுட்டு, கண் டாக்டர் கிட்ட போய் உக்காந்திருந்தேன்டி. கண்ணு போச்சு, இனி நமக்கு இந்த வேலை இல்லன்னு ராத்திரியெல்லாம் புரண்டேன். ஒரு தடவை மேல ஏறி வந்து, அக்கா இப்படிக் காட்டுதே, என்னன்னு பாருங்கன்னு கேட்டிருக்கக் கூடாது? சீட்டு எழுதி அனுப்பிச்சே."

ஏறிப் போவதற்குப் பயந்துதான் சீட்டு எழுதினாள் என்பதை அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது.

வேனைத் திருப்பி அனுப்பினார்கள். பெட்டிகளைப் பிரித்தார்கள். அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஈயக்கா பழைய ஸ்டூலுக்குத் திரும்பி, வெள்ளிக்கிழமை காலையிலிருந்து பழைய ரெசிஸ்டர்களைத் திரும்பப் போட்டாள். தட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. ஐந்து. ஐந்து. ஐந்து. கொண்டுவந்தது வேறு யாரோ.

ஒரு மணி ஆனது. படியில் செருப்புச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஒன்று பத்து. ஒன்று இருபது.

அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு படியேறினாள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஈயக்கா மட்டும் குனிந்து பற்றவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய டப்பா கழுவிக் கவிழ்த்திருந்தது.

வாசலிலேயே நின்றாள். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பவும் மனம் வரவில்லை.

"கதவச் சாத்து" என்றாள் ஈயக்கா, நிமிராமல். "காத்துல ஈயம் சரியா ஒட்ட மாட்டேங்குது."

"உள்ள வந்து சாத்தவா, வெளியில இருந்தா, அக்கா?"

ஈயக்கா கண்ணாடிக்கு மேலே பார்த்தாள். சிரிக்கவில்லை. "இதுக்கும் ஒரு மீட்டர் வேணுமாடி உனக்கு? உள்ள வா."

அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். உட்கார இன்னொரு ஸ்டூல் இல்லை. நின்றபடியே டப்பாவைத் திறந்தாள்.