சாவி மார்க் தோசைக்கல்

வெள்ளைத்தாயின் தோசைக்கல், அவள் இறந்த மறுநாள் காலையிலிருந்து அடுப்பில்லாமலே சூடானது. 2004 சீசனில் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையின் மருந்து அறை வெடித்தபோது அவள் உள்ளே இருந்தாள். வேலைக்குக் கிளம்புமுன் அவள் கல்லை ஏற்றும் நேரத்தில், சுவரில் சாய்த்திருந்த கல் சூடாகும். கம்பெனி வேன் போனதும் ஆறிவிடும். துட்டி கேட்க வந்தவர்கள் தொட்டுப் பார்த்தார்கள். சிலர் ஆறிய காப்பியை அதன்மேல் வைத்து எடுத்தார்கள். அவள் கணவன் செல்லப்பாண்டி தினமும் அதில் தோசை சுட்டான். விறகுச் செலவு இல்லை.

ஆனால் அது வீட்டுக்கு வீடு சரவெடி பின்னுகிற தெரு. தீபாவளி முடிந்து புது ஆர்டர் வந்ததும், வேலை கொடுக்கும் ஏஜெண்டு கருத்தப்பாண்டி வாசலிலேயே நின்று சொன்னான்: “ஏலே, அந்தக் கல்லு தெருவ விட்டுப் போகட்டும். இல்லன்னா தெருவே போயிரும்லே.” தெருவில் எல்லா வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். செல்லப்பாண்டி கல்லைச் சாக்கில் சுற்றிக்கொண்டு விருதுநகர் பஸ் ஏறினான்.

விருதுநகரில் நிஜாம் பழைய தோசைக்கற்களைச் சேர்த்து வந்தார். வத்தல் வியாபாரம் அவர் பிழைப்பு. கற்கள் அவர் ஆசை. விரல் முட்டியால் தட்டி, ஓசை நிற்கும் வரை காது கொடுப்பார். முதுகைத் தடவி, இரும்பை ஊற்றிய தழும்பைத் தேடுவார். எந்தப் பட்டறையில் வார்த்தது என்று அநேகமாகச் சொல்லிவிடுவார். உறுதி செய்ய, கல்லைக் கரி நெருப்பில் புதைத்து, பல வருட எண்ணெயில் ஏறிய கரிப்பொருக்கை உதிர்த்து, அடியிலுள்ள முத்திரையைப் படிப்பார். சூலக்கரைப் பக்கம் எப்போதோ மூடிப்போன ஒரு பட்டறையின் சாவி மார்க் கல் மட்டும் அவருக்கு அகப்படவே இல்லை. செல்லப்பாண்டி கொண்டுவந்ததைத் தட்டியதும் அவர் முகம் மாறியது. “காலையில சூடாகும் பாய்” என்றான் செல்லப்பாண்டி. “ஆகட்டுமே, இரும்புதான” என்றார் நிஜாம். அன்றே நெருப்பில் புதைத்தார். பொருக்கு ஏடு ஏடாகக் கழன்றது. அடியில் சாவி இருந்தது. மறுநாள் காலை கல் சூடாகவில்லை. நிஜாம் அதைக் கவனிக்கவில்லை, சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு சீசன் போயிற்று. செல்லப்பாண்டி வெடி வேலையை விட்டு, காலண்டருக்குத் தகரம் அடிக்கப் போனான். நாரணாபுரத்தில் ஒதுக்குப்புறமாக வீடு பிடித்தான். இனி யாருக்கும் பயமில்லை என்று, கல்லைத் திருப்பிக் கேட்க முதல் பஸ்ஸில் வந்தான். அதை எடுத்துக் கொடுக்க நிஜாமுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. செல்லப்பாண்டி கல்லில் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தான். அவள் நேரம் வந்தது. கல் சில்லென்றே இருந்தது.

“இது எங்க வீட்டுக் கல்லு இல்ல பாய்.”

“சாவி மார்க்குப்பா. என்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு. உன் கல்லேதான்.”

“மார்க்க யாரு கேட்டா? அவ இதுல இல்லையே. என்ன செஞ்சீக?”

“மார்க்கு பாக்க நெருப்புல…” என்று நிஜாம் தொடங்கினார். அவர் மனைவி ஷரீஃபுன்னிசா, ஒரு பிஸ்கட் டப்பாவைத் துணியால் பிடித்தபடி அடுப்படியிலிருந்து வந்தாள். உதிர்ந்த பொருக்கை அன்று கூட்டி அள்ளியவள் அவள். குப்பைத்தொட்டியை ஒட்டித் தீப்பெட்டி குடோன் இருந்ததால், ஆறட்டும் என்று டப்பாவில் போட்டு வைத்தாள். அது காலைதோறும் சூடானது.

“இம்புட்டு நாளும் பால் இதுலதான் காயுது” என்றவள் கணவன் பக்கம் திரும்பினாள். “உங்ககிட்ட சொன்னா இதையும் தேய்ச்சுப் பாப்பீக.”

செல்லப்பாண்டி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டான். வேன் போகும் நேரத்தில் அது ஆறியது. கல்லை நிஜாமிடமே விட்டுவிட்டு, டப்பாவோடு பஸ் ஏறினான்.

அதன்பின் வாங்கிய எந்தக் கல்லையும் நிஜாம் நெருப்பில் இடவில்லை. அவற்றில் சில, தத்தம் நேரத்தில் சூடாகின. எந்தப் பட்டறை என்று கேட்பவர்களிடம், “இது மத்தியானக் கல்லு, அது நோன்பு வைக்கிற வீட்டுக் கல்லு” என்பார். ஒரே கேஸ் சிலிண்டர் பக்ரீதிலிருந்து ரமலான் வரை வந்தது. அதுவும் செலவானது சாவி மார்க் கல்லுக்காகத்தான். ஷரீஃபுன்னிசா தினமும் அதை மட்டும் அடுப்பில் ஏற்றினாள்.

“சூடாகிற கல்லு அம்புட்டு கெடக்கு, இது எதுக்கு?” என்று நிஜாம் கேட்டார்.

“என் கைக்குப் பழகணும்ல. பின்னால உங்களுக்கு வேணும்.”

நிஜாம் எண்ணெய்த் துணியை எடுத்துக் கொடுத்தார்.