ஏழு வீட்டுக்கு ஒரு பதில்

அலுவலகத்தில் அவளை எடைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். காய்கறி நிறுக்கிறவள் இல்லை. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் கணக்கெடுப்பில் பத்து வீட்டைத் தேர்ந்தெடுத்தால் ஆறு வீடுதான் வாய் திறக்கும். மீதி நாலு வீட்டின் பங்கை, அதே மாதிரி ஆட்கள் இருக்கும் அந்த ஆறு வீட்டின் தலையில் இவள் கட்டிவிடுவாள். அவர்கள் பதிலுக்கு அந்த அளவு எடை கூடும். பேசாதவன் பேசியிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பானே என்று கேட்டால் அவளிடம் பதில் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே கிடையாது. அதற்காகச் சம்பளம் நின்றதும் இல்லை.

இந்த முறை கணக்கெடுப்பு, தனியாக இருக்கும் முதியவர்களைப் பற்றியது. வாராவாரம் வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் இனியும் வேண்டுமா, நிறுத்திவிடலாமா என்று மேலிடம் முடிவு செய்யப்போகிறது. அவளுடைய அண்ணனும் அந்த முதியவர்களில் ஒருவர். அண்ணி போனதிலிருந்து அவர் நர்ஸைத் தவிர வேறு யாருக்கும் கதவைத் திறப்பதில்லை. கூடப்பிறந்தவளே போனாலும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேச்சு. காலில் ஆறாத புண். கட்டு மாற்றுவதும், சாப்பிட்டாயா என்று முகம் பார்த்துக் கேட்பதும் அந்த நர்ஸ் ஒருத்திதான்.

படியிறங்க முடியாத ஆண்கள் என்று ஒரு குழு. அதில் தேர்வானது ஏழு வீடு, அண்ணன் வீடும் சேர்த்து. கணக்கெடுக்கும் பெண் நடையாய் நடந்தும் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. அப்படி ஒரு குழு முழுக்க வாயை மூடிக்கொண்டால் அதைப் பக்கத்துக் குழுவோடு சேர்த்துவிட வேண்டும், அதுதான் விதி. பக்கத்துக் குழுவில் இருப்பவர்களோ பூங்காவில் கைவீசி நடக்கும் ஆசாமிகள். நர்ஸா, தண்டச் செலவு என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்கள்.

எடைக்காரி மேலதிகாரியிடம் போய் நின்றாள். அவர் நல்ல மனிதர்தான்.

"ஒரே ஒரு வீடு பேசினாக்கூடப் போதும்மா, அந்தக் குழு தனியா நிக்கும். உங்க அண்ணனைக் கதவைத் திறக்கச் சொல்லுங்க. ஆனா என்ன சொல்லணும்னு மட்டும் சொல்லிக் குடுத்துடாதீங்க."

அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அண்ணா, நாளைக்கு ஒரு பொண்ணு வருவா. கேள்வி கேப்பா. உன்னை மாதிரி இன்னும் ஆறு பேர் இருக்காங்க, ஒருத்தரும் வாயத் திறக்கல. நீ சொல்றதுதான் அவங்களுக்கும் சேர்த்து."

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

"ஆறு பேருக்கும் நான்தானா?" என்று குரல் வந்தது. "சரி, வரச் சொல்லு."

புண்ணைப் பற்றிச் சொல், நர்ஸ் வருவதும் வராததும் இதை வைத்துத்தான் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள். நேர்மை அவளுக்குப் பழகிப்போன வியாதி. பாதிக் கிணறு தாண்டியதுகூடத் தெரியாமல் சந்தோஷமாகவே வீடு திரும்பினாள்.

மறுநாள் கணக்கெடுக்கும் பெண் வாயெல்லாம் பல்லாக அலுவலகத்துக்குத் திரும்பி வந்தாள். பெரியவர் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, காலைப் போர்வையால் மூடிக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தாராம். எல்லாக் கேள்விக்கும் டாண் டாணென்று பதில். நடக்கச் சிரமமா? இல்லை. உடம்பில் ஏதாவது தொந்தரவு? இல்லை. நர்ஸ் அவசியமா? வந்தால் நாலு வார்த்தை பேசிக்கொண்டிருக்கலாம், அவசியம் என்று ஒன்றும் இல்லை.

எடைக்காரி உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"ஏண்ணா இப்படிச் சொன்ன?"

"நான் ஒருத்தன்னா என் கஷ்டத்தைச் சொல்லி அழுதிருப்பேன். ஆறு பேருக்கும் சேர்த்துன்னு நீதானே சொன்ன? முன்னப்பின்ன தெரியாத பொண்ணுகிட்ட அவங்க மானத்தையும் சேர்த்து நான் எப்படிம்மா வாங்குவேன்?"

அந்தப் பதிலை நீக்க முடியுமா என்று மேலதிகாரியிடம் கேட்டாள். அவர் இரண்டு தடவை படித்துப் பார்த்தார். தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார், எந்தக் காரணம் சொல்லி நீக்குவது என்றார். அவளே எத்தனையோ பேரிடம் சொன்ன பேச்சுதான் அது. பிடிக்காத பதிலை எல்லாம் அடித்துவிட்டால் அப்புறம் கணக்கெடுப்பு எதற்கு? நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அண்ணனுக்கு ஏழு வீட்டு எடையையும் அவள்தான் ஏற்றினாள். ஏற்றும்போது அழுதாள், ஆனால் எண்ணைத் தப்பாகப் போடவில்லை. படியிறங்க முடியாதவர்களே வேண்டாம் என்கிறார்கள் என்று அறிக்கை போனது. நர்ஸை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வாரம், நர்ஸ் வழக்கமாக வரும் கிழமையில், அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"நர்ஸம்மாவை இன்னும் காணோமே. உனக்கு ஏதாவது தெரியுமா? காலையிலேருந்து கதவைத் திறந்தே வெச்சிருக்கேன்."