பூச்சு காயும் வரைக்கும் ஒரு கதை

அந்தப் பார்லர்காரியின் வாய்க்கு ஓய்வு என்பதே கிடையாது. புருவம் திருத்தும்போது பேசுவாள், தலைக்குச் சாயம் தடவும்போது பேசுவாள், வாடிக்கைக்காரி கண் அசந்துவிட்டால் கண்ணாடியில் தெரியும் தன்னிடமே பேசுவாள். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முடி வளர்ந்தே இருக்காது, பேச்சுக்காகத்தான் வருகிறார்கள் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

அவள் வீட்டுக்காரருக்குப் பேருந்து நிலையத்தில் விசாரணை கவுண்டரில் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு, எந்த நடைமேடை என்று நாளெல்லாம் மைக்கில் சொல்லிக்கொண்டிருப்பவர், வீட்டுக்கு வந்தால் இரண்டே வார்த்தையோடு நிறுத்திக்கொள்வார். அதிலும் ஒன்றைத்தான் அவர் சொல்வார், இன்னொன்றை அவள் முடித்துவிடுவாள். "நாளைக்கு எனக்கு..." என்று அவர் இழுத்தால், "நீலச் சட்டைதானே, தேச்சு வெச்சாச்சு" என்பாள். இருபத்து மூன்று வருஷம் இப்படியே ஓடியது. அவள் சொன்னது ஒருநாளும் தப்பாகப் போனதில்லை. குறைந்தபட்சம், அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. இரண்டும் வேறு வேறு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். மூளையில் இரத்த அடைப்பு என்றார்கள். உயிர் தப்பியது பெரிது. கால் தேறி நடமாட்டம் வந்தது, கையும் முக்கால்வாசி சரியானது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. சொன்னதெல்லாம் புரியும், பதில் மட்டும் தொண்டையில் வந்து நிற்கும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு வயது குறைவு, கண்டிப்பு அதிகம். முதல் நாள் அவர் "த..." என்று ஆரம்பிக்க, பார்லர்காரி பாய்ந்துகொண்டு வந்தாள்.

"தண்ணியா? தலையணையா? தலை வலிக்குதாங்க?"

அவர் வாயை மூடிக்கொண்டார். பயிற்சிக்காரப் பெண் நோட்டை மூடிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. சாருக்கு வார்த்தை வர்ற வழியில நீங்கதான் குறுக்க நிக்கிறீங்க."

அவள் போட்ட உத்தரவு இது. தினமும் மத்தியானம் இருவரும் சேர்ந்து டிவியில் ஏதாவது பார்க்க வேண்டும், சீரியலோ சினிமாவோ எதுவானாலும் சரி. பார்த்து முடித்ததும் அவர் அந்தக் கதையை இருபது நிமிஷம் சொல்ல வேண்டும். மனைவி கேட்க மட்டும் வேண்டும். வார்த்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது, திருத்தக் கூடாது, 'ம்' கூடக் கொட்டக் கூடாது.

முதல் நாள் பார்லர்காரி நான்கு நிமிஷம் தாங்கினாள். மறுநாள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள், கை தானாக இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் அவளுக்கே ஒரு வழி புலப்பட்டது. முகத்தில் களிமண் பூச்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தாள். அது காய இருபது நிமிஷம் ஆகும், அதற்குள் வாயைத் திறந்தால் பூச்சு வெடித்துப் பாழாகும். வருகிறவர்களையெல்லாம் "அசையாதீங்க, பேசாதீங்க" என்று அதட்டுகிறவள், இப்போது அந்த அதட்டலைத் தனக்கே போட்டுக்கொண்டாள். தொழில் பக்தி என்று ஒன்று இருக்கிறதே.

அவருக்கும் வார்த்தை வரத் தொடங்கியது. முதலில் ஒன்று, பிறகு இரண்டு மூன்று, நடுநடுவே பெரிய இடைவெளி. அந்த இடைவெளியில் பூச்சுக்குள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மூன்று மாதத்தில் முகம் பளபளவென்று ஆகிவிட்டது. என்ன க்ரீம் போடுறீங்க என்று வாடிக்கைக்காரிகள் துளைத்தெடுத்தார்கள்.

ஆனால் வார்த்தை வர வர, அவளுக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. அவர் சொன்ன கதை, பார்த்த கதையாக இல்லை.

சீரியலில் மருந்துக் கடைக்காரனின் மனைவி அழுதுகொண்டே அம்மா வீட்டுக்குப் போனாள். இவரோ, "அவ... அழல. சாவி... எடுத்தா. கடை... திறந்தா" என்றார். ஒரு சினிமாவில் கப்பல் கேப்டன் புயலில் மூழ்கிப் போனான், அவளே மூக்கைச் சிந்திக்கொண்டு பார்த்தாள். இவர் கணக்கில் அந்தக் கேப்டன் நீந்திக் கரையேறி, ஏழு நாற்பது வண்டியைப் பிடித்து வீட்டுக்கே வந்துவிட்டான். பேச்சு திரும்புகிறது, புத்தி கலங்குகிறது என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். பயிற்சிக்காரப் பெண் கேட்டபோது, "எல்லாம் சரியாத்தாம்மா சொல்றாரு" என்று மழுப்பினாள். உண்மையைச் சொன்னால் அது உண்மையாகவே ஆகிவிடும் என்று பயந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அலுவலகக் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை அதிகாரிகள் நேரில் பேசிப் பார்ப்பார்கள். தேறினால் கவுண்டர், தேறாவிட்டால் கட்டாய ஓய்வு. அந்தச் சோதனையே வேண்டாமென்றால், பார்சல் அறைக்கு மாற்றிவிடச் சொல்லி இணைத்திருக்கும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். மூட்டைக்கு வழி சொல்ல வேண்டியதில்லை, அங்கே பேச்சே தேவையில்லை.

அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். 'கவுண்டர்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். அவளுக்கு அழுகை முட்டியது. கேப்டனைக் கரையேற்றியவர் நாளைக்கு வடக்கே போகிற வண்டியைத் தெற்கே அனுப்பினால் என்ன ஆகும்? ஊர் சிரிக்கும். அதைவிட, அவரே அதைத் தெரிந்துகொண்டால் என்ன ஆவார்?

புதன்கிழமை மத்தியானம் விண்ணப்பத்தை அவளே பூர்த்தி செய்து, பேனாவோடு அவர் முன்னால் வைத்தாள்.

"இது நல்லதுங்க. அலைச்சல் இல்ல, கத்த வேண்டாம். கையெழுத்துப் போடுங்க."

அவர் பேனாவைத் தொடவில்லை. டிவியைக் காட்டினார். முதலில் படம், பிறகு பார்க்கலாம் என்று அர்த்தம்.

அன்றைக்குப் படத்தில் ஒரு பாட்டுக்காரி. தொண்டையில் அறுவை சிகிச்சை செய்து அவள் குரல் போய்விடுகிறது. கடைசியில் மேடையை விட்டு இறங்கி, வீட்டுத் தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். முற்றும். பார்லர்காரி பூச்சைத் தடவிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் ஆரம்பித்தார். குரல் போன இடம் வரைக்கும் எல்லாம் சரியாகவே வந்தது.

"அப்புறம்... மேடை. ஏறினா. குரல்... கரகர. கேவலமா... இருக்கு. ஆனா... பாடினா. யாரும்... எழுந்திரிக்கல."

அவளால் தாங்க முடியவில்லை. முகம் முழுக்கப் பூச்சு பொலபொலவென்று வெடித்தது.

"இல்லங்க! அவ பாடவே இல்ல! தோட்டத்துல தண்ணி ஊத்தினா. இப்பத்தானே பாத்தோம், அதுகூடவா மறந்துபோச்சு?"

மடியில் களிமண் உதிர, அவள் விம்மினாள். அவர் டிவியை அணைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"பாத்தேன். தண்ணி... ஊத்தினா." அடுத்த வார்த்தைக்கு நெற்றியைச் சுருக்கினார். "பிடிக்கல. மாத்திட்டேன்."

அவளுக்குப் பேச்சு நின்றது. இருபத்து மூன்று வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"அப்போ அந்தக் கேப்டன்?"

"செத்துட்டான். பாவம்... பொண்டாட்டி... காத்திருந்தா இல்ல? அதான்."

"மருந்துக் கடைக்காரி?"

"தினம்... அழுவுறா. போர்."

"ஏங்க, இத்தனை நாளா நான் உயிரக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்! மாத்தித்தான் சொல்றேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவர் தன் கன்னத்தைத் தடவிக் காட்டினார். "நீ... கேக்கல. பூச்சு."

அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். புத்தி கலங்கவில்லை. கலங்கியதெல்லாம் இவள்தான். அவர் வார்த்தையை மட்டும் தேடிக்கொண்டிருக்கவில்லை, தனக்குப் பிடித்த கதையையும் தேடிக்கொண்டிருந்தார். இவளோ தான் எதிர்பார்த்தது வரவில்லை என்றதும் மனுஷனுக்கே பிசகு என்று நினைத்துவிட்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. விண்ணப்பத்தை நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"சரி, வெள்ளிக்கிழமை போறோம்" என்றாள்.

அவர் தலையசைத்தார். "வெள்ளிக்கிழமை... நீ... என்கூட..."

'வா' என்பதுதான் அடுத்த வார்த்தை. அது அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முகத்தில் பூச்சும் இல்லை. இருந்தும் அடக்கிக்கொண்டாள். சுவர்க் கடிகாரம் நகர்ந்தது, தெருவில் ஒரு வண்டி போனது. அவர் உதடு இரண்டு முறை கூடிப் பிரிந்தது.

"வராத" என்றார். "நீ... பேசிடுவ."

வெள்ளிக்கிழமை அவர் தனியாகத்தான் போனார். பார்லரில் அன்றைக்கு ஒருத்தியின் புருவம் கொஞ்சம் கோணலாகப் போயிற்று. அவர் திரும்பி வரும்போது மணி நான்கு. செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. என்ன ஆச்சு என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவள் பட்ட பாட்டை அவளே அறிவாள்.

"மூணு பேரு" என்று ஆரம்பித்தார். "ஒருத்தன்... கடிகாரம் பாத்தான். பெரியவர்... வண்டி நேரம் கேட்டாரு. எட்டு வண்டி. எட்டும்... சொன்னேன். மெதுவா." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "காத்திருந்தாரு. கடைசி வரைக்கும்... காத்திருந்தாரு. அப்புறம்... மைக் வேணாம்னாரு. ஜன்னல் மட்டும். ஒரு மாசம். மத்தியானம்... கூட்டம் கம்மி. பாக்கலாம்னாரு. திங்கக்கிழமை... வரச் சொன்னாரு."

அவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, இது நடந்ததா? இல்ல, உங்களுக்குப் பிடிச்ச மாதிரி மாத்திட்டீங்களா?"

அவர் சட்டைப் பையில் கையை விட்டு, நான்காக மடித்த காகிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கினாள், பிரிக்கவில்லை. அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்திருந்தார். அந்த வார்த்தை வரட்டும் என்று, காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.