உமைமா வாங்கிய மெத்தையும் எங்கள் தெரு ஓடியதும்

1

இதை உமைமா என்னிடம் சொன்னது எங்கள் மாடிப்படியில், நின்றவாக்கில். சொல்லி முடித்துவிட்டு, "அக்கா, இத கதை கிதைன்னு எழுதிடாதீங்க" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவள் அதைச் சொல்வதற்கு முன்பே மனதுக்குள் முதல் வரியை எழுதி முடித்திருந்தேன்.

அந்த வரி இது: 'மெத்தை மூச்சு விட்டது.'

நல்ல வரிதான். அடித்துவிட்டேன். மெத்தை மூச்சு விட்டதைப் பற்றி அழகாக எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அன்றைக்கு மூச்சு முட்டுகிறது என்று ஓடியவர்களில் நானும் ஒருத்தி.

இரண்டாவது தொடக்கம்: 'எண்ணூரில் கடலுக்கும் கம்பெனிக்கும் நடுவே ஒரு தெரு இருக்கிறது. அந்தத் தெருவில்...' இப்படி ஆரம்பித்தால் அடுத்த வரியில் புள்ளிவிவரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். விட்டுவிட்டேன்.

மூன்றாவதை உமைமாவின் அனுமதி கிடைத்த பிறகு எழுதினேன். நீங்கள் வாசிப்பது அதைத்தான். உமைமா என்பதும் அவளே தேர்ந்தெடுத்த பெயர். "எழுதித்தான் தீருவீங்கன்னா நான் சொல்ற பேர வைங்க" என்றாள்.

(கம்பெனி என்று மட்டும்தான் எழுதுவேன். தெருவிலும் அப்படித்தான் சொல்கிறோம். பெயரைப் போட்டால் இது கதையாக இருக்காது, கேஸாகிவிடும்.)

2

உமைமாவும் அவள் புருஷன் சுஃபியானும் மாடியில் எனக்கு எதிர் போர்ஷன். ஒரே அறை, சமையலுக்கு ஒரு தடுப்பு. சுஃபியான் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறான். எண்ணூர் ரோட்டில் லாரிகள் வரிசைகட்டி நிற்பதை நீங்கள் பார்த்திருந்தால் தெரியும், அவன் ஓட்டும் நேரத்தைவிட ஸ்டியரிங் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் அதிகம். அப்படி உட்கார்ந்தே இடுப்பு போய்விட்டது. காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பான். கட்டிலில் விரிக்கும் கோரைப்பாயைத் தூக்கிப் போடு, நல்ல மெத்தையாக வாங்கு என்று டாக்டர் சொன்னார்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு கடைக்குப் போனார்கள். மெமரி ஃபோம் மெத்தை ஒன்றின்மேல் கடைக்காரர் உள்ளங்கையை அழுத்தி எடுத்துக் காட்டினார். கைத்தடம் சற்று நேரம் அப்படியே இருந்து மெதுவாக மறைந்தது. சுஃபியான் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தான். படுத்ததும் கண்ணை மூடிக்கொண்டான். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் முகம் வலியில்லாமல் இருந்ததை உமைமா அப்போதுதான் பார்த்தாளாம்.

"நீங்களும் படுத்துப் பாருங்கம்மா. ரெண்டு பேருக்கும் சேத்துத்தானே?" என்றார் கடைக்காரர்.

பக்கத்தில் தலையணை பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. உமைமா விறுவிறுவென்று கடையைவிட்டு இறங்கி ரோட்டில் போய் நின்றுகொண்டாள்.

"அத்தினி பேரு பாக்க அவர் பக்கத்துல எப்டிக்கா படுக்கறது? வெக்கமா பூட்ச்சு."

கடையில் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து போனில் ஆர்டர் போட்டார்கள்.

3

மெத்தை வந்தது ஒரு சாயங்காலம். ஆள் உயரப் பெட்டிக்குள் இறுக்கிச் சுருட்டி, காற்றை உறிஞ்சி, பிளாஸ்டிக்கில் கட்டி அனுப்பியிருந்தார்கள். இரண்டு பேருமாகப் படியில் இழுத்துக்கொண்டு போனார்கள். சத்தம் கேட்டு நான் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்குச் சாமான் வந்தால் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது என் பண்பாடு. (பொய். அன்று குழாயில் தண்ணீர் வந்திருந்தது. நான் கீழே இருந்தேன்.)

கத்தரிக்கோலால் பிளாஸ்டிக்கை வெட்டியதும் புஸ்ஸென்று சத்தம். சப்பையாகக் கிடந்தது கண்ணெதிரே உப்பி, மூலைகள் ஒவ்வொன்றாக எழுந்து, அறையின் பாதியை எடுத்துக்கொண்டது. பீரோ கதவு திறக்கவில்லை. சுஃபியான் கட்டிலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு மெத்தையைத் தரையிலேயே போட்டான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அப்புறம் நெடி வந்தது. புது ஃபோமில் அடைபட்டுக் கிடக்கும் நெடி. கூடவே வந்த தாளில் போட்டிருந்தது: பயப்பட வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஒரு நாளில் போய்விடும்.

"தலவலி வந்துச்சுக்கா. டேபிள் ஃபேன எடுத்து ஜன்னல் பக்கமா நாந்தான் திருப்பி வெச்சேன். நெடியெல்லாம் வெளிய போவட்டும்னு."

ஜன்னலுக்கு நேர் கீழே மங்கம்மா வீட்டு வாசல்.

மங்கம்மா மீன் விற்கிறவள். புருஷனும் மச்சான்களும் கடலுக்குப் போகிறவர்கள். போன வருஷம் கம்பெனியில் நிஜமாகவே வாயு கசிந்தபோது, எங்கள் தெருவில் முதலில் மயங்கி விழுந்தவள் அவள்தான். மூக்கில் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். அன்றிலிருந்து தெருவுக்கே அவள் மூக்குதான் காவல்.

உமைமா ஃபேனைத் திருப்பிய நேரம் மங்கம்மா வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள். மூக்கை உறிஞ்சினாள். அடுத்த நொடி அலறினாள்.

"காஸு வுட்டான்! தா, காஸு வுட்டான்! புள்ளைங்கள தூக்கினு ஓடுங்க!"

குடத்தைப் போட்டுவிட்டு நான் ஓடினேன். தெருவே ஓடியது. ஈரத்துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினோம். என் கண் எரிந்தது. தொண்டை கவ்விப் பிடித்தது. இதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்: நிஜமாகவே எரிந்தது. நிஜமாகவே கண்ணீர் கொட்டியது. அந்தக் கண்ணீரோடுதான், சற்று நேரத்தில் வந்து சேர்ந்த டிவிக்காரர்களின் மைக் முன்னால் நின்று, "கண்ணு எரியுது, மூச்சு விட முடியல, எத்தன தடவ சொல்றது?" என்று கத்தினேன்.

எல்லாரையும் கிளப்பிவிட்டுக் கடைசியாக ஓடிவந்த மங்கம்மா, மூடி இல்லாத கால்வாயில் கால் இடறி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது.

உமைமாவும் சுஃபியானும் எங்கே என்று கேட்பீர்கள். அவர்களும் ஓடினார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுஃபியான் ஓடியதை நானே பார்த்தேன். எல்லாம் அடங்கித் திரும்பி வந்து வீட்டுக் கதவைத் திறந்தார்களே, அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. ஃபேன் இன்னும் ஜன்னலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

4

மறுநாள் கம்பெனி வாசலில் உட்கார்ந்தோம். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான்: தெருவுக்குள் ஒரு அபாயச் சங்கு வேண்டும், காற்றை அளக்கும் மீட்டர் வேண்டும். போன வருஷக் கசிவுக்குப் பிறகே கேட்டோம். பார்க்கலாம் என்றார்கள். பார்க்கவில்லை.

கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர். "எங்க மீட்டர்ல எதுவும் காட்டலைங்க. உங்க தெருவுலயே வேற எதாவது வாடை வந்திருக்கலாமே? பெயிண்ட், பினாயில் மாதிரி?"

அவ்வளவுதான். "நாங்க இன்னா பெயிண்டுக்கும் காஸுக்கும் வித்தியாசம் தெரியாதவங்களா?" என்று கூட்டம் பொங்கியது. நானும் பொங்கினேன். உமைமா மட்டும் கடைசி வரிசையில் துப்பட்டாவின் நுனியைப் பல்லில் கடித்தபடி நின்றிருந்தாள்.

அன்று மதியம்தான் படியில் வைத்து என்னிடம் சொன்னாள்.

5

இந்த இடத்தில் கதை ரொம்ப நாள் நின்றுபோனது. எனக்கு உமைமாவை எழுத வரவில்லை.

முதல் பிரதியில் அவளைக் கோழையாக எழுதினேன். 'அவள் பயந்தாள். தெரு தன்னை என்ன சொல்லுமோ என்று...' நிறுத்திவிட்டேன். இரண்டாம் பிரதியில் குற்றவுணர்ச்சியில் உருகும் புனிதவதியாக்கினேன். இந்த இரண்டு பேருமே என் எதிர் போர்ஷனில் குடியிருக்கவில்லை.

அங்கே இருந்தவள் இதைத்தான் செய்தாள்: தினமும் மங்கம்மா வீட்டுக்குப் போய்ச் சோறு ஆக்கினாள். கட்டுப்போட்ட கையோடு கஷ்டப்பட்டவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாள். திரும்பி வந்து அந்த மெத்தையைத் தாண்டி, அதன் ஓரத்தில் பாய் விரித்துப் படுத்தாள். சுஃபியானும் பாயில்தான். யாருக்காக வாங்கினார்களோ அவன் அதன்மேல் ஒருநாளும் படுக்கவில்லை. திருப்பி அனுப்பலாம் என்றால் வண்டி வரும், தெரு பார்க்கும்.

"தெனம் அது மொகத்துலதாங்கா முழிக்கிறேன்" என்றாள்.

என் வெட்கம் வேறு மாதிரி. அவள் மறைத்தாள், அது அவளுக்குத் தெரியும். நான் மறைக்கக்கூட இல்லை. ஒரு மெத்தையின் நெடிக்கு என் உடம்பு மூச்சுத் திணறிக் காட்டியிருக்கிறது. இனி என் கண்ணீரை நான் எப்படி நம்புவது? இதற்கு ஒரு விளக்கம் எழுதிப் பார்த்தேன்: 'பயந்தே பழகிய உடம்புக்கு...' சொல்லும்போதே சாக்கு மாதிரி இருந்தது. அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

6

உமைமாவால் அதிக நாள் தாங்க முடியவில்லை. ஒரு காலை மங்கம்மாவுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டாள். துணைக்கு என்னையும் உட்கார வைத்திருந்தாள்.

மங்கம்மா திரும்பவில்லை. பின்னல் பாதியில் நின்றது.

"அப்போ நானு மெத்தைக்கா பயந்து ஓடுனேன்?"

இடது கையை ஊன்றி எழுந்தாள்.

"வா. காட்டு."

மாடி ஏறினாள். மெத்தைமேல் குனிந்து மோந்தாள். பிறகு அதில் உட்கார்ந்து, கட்டுக் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்து, கன்னத்தைத் திருப்பி ஆழமாக மூச்சிழுத்தாள். இதற்குள் நெடி போயிருந்தது. துவைத்த துணி அளவுக்குக்கூட வாசனை இல்லை.

"நானு மோந்தது இது இல்ல" என்றாள். மறுபடியும் மோந்துவிட்டு, "இதுவாவும் இருக்கலாம். யாரு கண்டா" என்றாள்.

"எல்லார்கிட்டயும் சொல்லிடறேம்மா. ஒங்க கை ஒடஞ்சது என்னாலதான்."

மங்கம்மா எழுந்து உட்கார்ந்தாள். "இந்தாமே, நீ கம்னு இரு. சங்கு கேட்டுகினு கீறோம். மெத்தைக்கு பயந்து ஓடுன கூட்டம்னு தெரிஞ்சா குடுப்பானா? அட்த்த தபா நெசமாவே வுட்டான்னா எவன் நம்ம பேச்ச கேப்பான்?"

"அதுக்காவ பொய் சொல்லணுமா?"

"ஒடஞ்சது என் கை. நானு உன்ன கேட்டனா?"

உமைமா அழுதாள். மங்கம்மா இடது கையால் மெத்தையைத் தட்டிப் பார்த்தாள். "நல்லாதான் கீது. அந்தாள இதுல படுக்க சொல்லு. இடுப்ப புட்ச்சிகினு நடக்கறத பாக்க சகிக்கல." சொல்லிவிட்டு, பாதி போட்ட பின்னலோடு இறங்கிப் போனாள்.

அன்று சாயங்காலம் உமைமா என் கதவைத் தட்டினாள். "எழுதுங்கக்கா. எங்கியாவது ஒரு எடத்துல நெசம் இருக்கட்டும்."

(கதை என்று போட்டால் யாரும் இதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். இதுவும் வெட்கப்பட வேண்டியதுதான்.)

7

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: உமைமா கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொல்கிறாள். அதிகாரிகள் அவள் நேர்மையைப் பாராட்டுகிறார்கள். போன வருஷக் கசிவை நினைத்துச் சங்கும் தருகிறார்கள். (எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது.)

இரண்டு: யாரும் வாயைத் திறக்கவில்லை. தெருவுக்குச் சங்கு வருகிறது. சுஃபியான் மெத்தையில் தூங்குகிறான். பக்கத்தில் உமைமா விழித்துக்கொண்டு... (இதற்கு மேல் போகவில்லை.)

மூன்று: உண்மை வெளியே தெரிகிறது. தெரு சிரிக்கிறது. அப்புறம் ஒருநாள் நெடி வருகிறது. 'எவனோ புது மெத்த வாங்கிருக்கான்டா' என்று யாரோ சொல்ல, ஒருவரும் ஓடவில்லை. இதை ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். எழுதியதில் இதுதான் சிறந்த பக்கம். அழித்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டேன். கதைக்காகக்கூட ஒரு தெருவை அப்படி உட்கார வைக்கக் கூடாது.

8

நடந்ததைச் சொல்கிறேன்.

தாலுகா ஆபீஸில் பேச்சுவார்த்தை வைத்தார்கள். டிவியில் பேசியவள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒரே ஷேர் ஆட்டோவில் போனோம். மங்கம்மா எனக்கு இந்தப் பக்கம், அவளுக்குத் துணையாக வந்த உமைமா அந்தப் பக்கம். வழியெல்லாம் இரண்டு பேரும் என்னைத் தாண்டி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

தாசில்தார் பட்டியலில் இருந்த எல்லாரையும் கேட்டார். மங்கம்மா, "காஸுதான்" என்றாள். உமைமாவைக் கேட்கவே இல்லை. அவள் பெயரே அவர்களிடம் இல்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க படிச்சவங்க. யோசிச்சுச் சொல்லுங்க. அந்த வாடைக்கு உங்க தெருவுல வேற காரணம் இருந்ததா? இருந்தது, இல்லை, ஒரே வார்த்தை போதும்."

எழுந்து நின்றேன். உமைமா என்னைப் பார்த்தாள். அவள் என்னிடம் எதைக் கேட்கிறாள் என்று அந்தப் பார்வையில் எனக்குப் புரியவில்லை. காப்பாற்று என்றா, விடுவித்துவிடு என்றா?

வாயைத் திறந்தபோது மங்கம்மா இருமினாள்.

அதை நடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். போன வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கூடவே வந்த இருமல் அது. ஆரம்பித்தால் சீக்கிரம் நிற்காது. உடம்பு முழுக்க மடங்கி, முகம் கறுத்து, கட்டுப்போட்ட கை மேஜை விளிம்பில் இடிக்க இருமினாள். உமைமா ஓடிவந்து முதுகைத் தடவினாள். கம்பெனி அதிகாரி தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். தாசில்தார் பேனாவைக் கீழே வைத்தார்.

நான் நின்றுகொண்டே இருக்கிறேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. சொன்னால் என்னைப் பற்றித் தெரியும், அவ்வளவுதான். என் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். ஒரே வார்த்தை போதும் என்றார். மங்கம்மாவின் இருமல் இன்னும் நிற்கவில்லை. அது நிற்கும்வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது.