டேப் பிடித்தவள்

கடப்பாரை மண்ணில் இறங்குகிற சத்தம் கேட்டதும் தச்சன் டீயை அப்படியே கீழே வைத்துவிட்டு ஓடினான். ஓடினவன் வெறுங்கையோடவா ஓடினான்? பட்டறை வாசலில் கிடந்த கொட்டாப்புளியையும் தூக்கிக்கொண்டுதான் ஓடினான். உளியைத் தட்டுகிற அந்த மரச் சுத்தியல் பதினெட்டு வருஷமாக அவன் கையில் இருக்கிறது. அதை ஒரு மனுஷன் மேல் ஓங்குவான் என்று யாராவது சொல்லியிருந்தால் அவனே சிரித்திருப்பான்.

வேலியோரம் பக்கத்து வீட்டு லாரி டிரைவர் நின்றுகொண்டிருந்தான். ஒரு கம்பத்தைப் பிடுங்கிப் போட்டாகிவிட்டது. இரண்டாவது கம்பம் சாய்ந்துகொண்டிருந்தது.

“டேய்! யாரைக் கேட்டு என் வேலியில கை வைக்கிறே?”

“உன் வேலியா? என் மண்ணுல நிக்கிறது எப்படிடா உன் வேலியாகும்?”

போன வாரம் வரைக்கும் இந்த ‘டேய்’ எல்லாம் கிடையாது. டிரைவருக்குத் தச்சனின் பெண்டாட்டி ‘தங்கச்சி’. அந்த முறையில் தச்சன் அவனுக்கு ‘மாப்ளே’, அவன் தச்சனுக்கு ‘மச்சான்’. ரத்த உறவு ஒன்றும் இல்லை, வாயால் வந்த உறவுதான். ஆனாலும் மூன்று வருஷமாக நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒட்டினாற்போல, ஆளுக்கு முப்பதடி அகலத்தில் மனை வாங்கினவர்கள். வேலி போடுகிற சமயத்தில் டிரைவர் லோடு ஏற்றிக்கொண்டு எங்கேயோ போயிருந்தான். “நீ அளந்தா ஒரு நூல் பிசகுமா மாப்ளே? நீயே அளந்து போட்டுடு” என்று போனில் சொல்லிவிட்டான். ஒரு அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குக்குத்தான் தச்சுவேலையில் நூல் என்று பெயர். நம்ம தச்சனுக்குத் தெருவில் பட்டப்பேரே ‘நூலு’. கதவு மாட்டினால் காகிதம் நுழையாது என்பார்கள். அவனும் அதைக் கேட்டுக் கேட்டு உச்சி குளிர்ந்துபோய்த் திரிந்தவன்தான்.

இப்போது டிரைவர் தன் அம்மாவுக்கு வேலிப்பக்கமாக ஒரு அறை கட்டக் கிளம்பினான். கொத்தனார் நூல் கட்டிப் பார்த்துவிட்டு, இடம் ஒரு அடி குறைகிறது என்றார். சர்வேயர் வந்தார், சங்கிலி போட்டு அளந்தார், தச்சன் பக்கத்தில் வேலியிலிருந்து ஒரு அடி உள்ளே சிவப்புப் பெயின்டில் கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஒரு அடிதானே, விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். தச்சனால் முடியாது. அவன் பட்டறை வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. வீட்டுச் சுவருக்கும் வேலிக்கும் நடுவே இருக்கிற மூன்றடிச் சந்துதான் பட்டறைக்கு ஒரே வழி. பீரோ, கட்டில், நிலை, எல்லாம் அந்தச் சந்து வழியாகத்தான் தெருவுக்கு வர வேண்டும். ஒரு அடி போனால் மிச்சம் இரண்டடி. இரண்டடிச் சந்தில் ஆள் போகலாம், பீரோ போகாது. பீரோ போகாத பட்டறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இழுத்து மூடிவிட்டு வேறொருத்தன் பட்டறையில் கூலிக்கு இழைக்கப் போக வேண்டியதுதான். நாற்பத்தைந்து வயதில், நூலு என்று பேர் வாங்கினவன்!

“கடப்பாரையைக் கீழே போடு” என்றான் தச்சன்.

“நீ போட்ட வேலியைப் பிடுங்கிட்டுத்தான் போடுவேன். அளக்கத் தெரியாதவனுக்கு நூலுன்னு பேரு வேற!”

இந்த ஒரு வார்த்தைதான். தச்சனுக்கு ரத்தம் தலைக்கேறியது. கொட்டாப்புளியை வீசிவிட்டு வேலியைத் தாண்டிப் பாய்ந்தான். இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். தச்சனின் முழங்கை டிரைவரின் உதட்டைக் கிழித்தது. டிரைவர் அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தைக் கம்பத்தில் மோதினான். ஒரு பல் ஆடி, தச்சனின் வாயெல்லாம் ரத்தம். அப்பவும் விட்டானா? டிரைவரின் தோளைக் கடித்தான். ஆமாம், கடித்தான். தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. பிரித்துவிட ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் டிரைவரின் பெண்டாட்டி ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து இருவர் தலையிலும் கொட்டினாள்.

“நாய்ங்க சண்டையை இப்படித்தான் பிரிப்பாங்க. வெக்கமா இல்ல ரெண்டு பேருக்கும்?” என்று கத்தினாள்.

தச்சன் எழுந்து ரத்தத்தைத் துப்பினான். “சர்வேயர் என்ன பெரிய இவனா? என் அளவுல தப்பு இருந்தா என் கையை வெட்டிக்கிறேன்!” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போனான்.

மத்தியானம் அவன் பெண்டாட்டி உப்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வாய் கொப்பளிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“ஏங்க, அன்னிக்கு அந்த ஒரு அடியைக் கழிச்சீங்களா?”

“எந்த ஒரு அடி?”

“நம்ம டேப்புலதாங்க முதல் அடி கிடையாதே.”

தச்சனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போது அவன் வைத்திருந்த ஐம்பதடி டேப்பின் முனை ரம்பத்தில் மாட்டி, சரியாக ஒரு அடி துண்டாகிப் போயிருந்தது. தூக்கிப் போட மனசில்லாமல் அதையே வைத்துக்கொண்டிருந்தான். அளவு ஒன்றில் ஆரம்பிக்கும். கடைசியில் வருகிற கணக்கில் ஒன்றைக் கழித்துக்கொள்வான். பட்டறையில் அது அவனுக்குத் தண்ணிபட்ட பாடு, தூக்கத்தில்கூட கழிப்பான். ஆனால் வேலிக்கு அளந்த அன்றைக்கு டிரைவர் மனையின் அந்தக் கோடியில் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது இவள். இந்தப் பக்கம் டேப்பை இழுத்து வந்தவன், முப்பது என்ற எண்ணைப் பார்த்ததும், முளையை அடித்துவிட்டான். முப்பத்தொன்றில் அடித்திருக்க வேண்டும்.

“கழிச்சேன்” என்றான்.

“சத்தியமாவா? நீங்க முப்பதுன்னு கத்தினது எனக்குக் கேட்டுச்சுங்க.”

“கழிச்சேன்னு சொல்றேன்ல? வாயை மூடிட்டுப் போடி!”

அவள் போய்விட்டாள். இவனுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. டிரைவர் வீட்டில் எல்லோரும் உள்ளே போன நேரம் பார்த்துப் புது டேப்பை எடுத்துக்கொண்டு தன் மனையை அளந்தான். முப்பத்தொரு அடி. மறுபடி அளந்தான். அதே முப்பத்தொன்றுதான். நிமிர்ந்தால், ஜன்னலில் பெண்டாட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பவே பக்கத்து வீட்டுக்குப் போய், “மச்சான், என் தப்புதான்” என்று சொல்லியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். சொல்லலாம் என்று வேலி வரைக்கும் போகவும் செய்தான். அங்கே நின்று சந்தைப் பார்த்தான். இரண்டடியில் ஒரு சந்து எப்படி இருக்கும் என்று மனசுக்குள் பார்த்தான். பட்டறைக் கதவில் பூட்டுத் தொங்குவது அவன் கண் முன்னால் வந்தது. அவ்வளவுதான், வந்த வார்த்தையை மென்று விழுங்கிவிட்டான்.

விழுங்கினவன் சும்மா இருந்தானா? பிடுங்கிப் போட்ட கம்பத்தை மறுபடி நட்டான். குறுக்குச் சட்டங்களை வைத்து அறைந்தான். நாலு அங்குல ஆணிகளை எடுத்து, தன் பக்கமிருந்து ஒவ்வொரு சட்டத்திலும் வரிசையாக இறக்கினான். அந்தப் பக்கம் ஆணி முனைகள் இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தன. மேல் சட்டத்தில் மட்டும் மேலிருந்து கீழாக, முனைகள் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நீட்டிக்கொண்டிருக்கும்படி, நாலு ஆணி அதிகமாகவே இறக்கினான். பிடுங்க வருகிறவன் அங்கேதான் பிடிப்பான் என்று தச்சனுக்குத் தெரியாதா என்ன?

மறுநாள் காலையில் டிரைவர் வந்தான். நட்ட கம்பத்தைப் பார்த்ததும் அவனுக்கு மூக்கு விடைத்தது. கடப்பாரையைக்கூட எடுக்கவில்லை. வந்த வேகத்தில் மேல் சட்டத்துக்கு அடியில் வலது கையைக் கொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தான்.

அவன் போட்ட அலறல் தெருமுனை வரைக்கும் கேட்டது. இரண்டு ஆணிகள் உள்ளங்கையில் ஏறியிருந்தன. ஒன்று புறங்கைத் தோலைக் கிழித்து வெளியே எட்டிப் பார்த்தது. அவன் பெண்டாட்டி ஓடிவந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அந்தக் கையைப் பிடித்து ஆணியிலிருந்து உருவினாள். சட்டத்தில் ரத்தம் வழிந்து கீழே சொட்டியது.

தச்சன் கொட்டாப்புளியோடு சந்தில் நின்றிருந்தான். டிரைவர் அடிக்க வருவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். வரட்டும், இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடலாம்.

டிரைவர் வரவில்லை. கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கமே நின்றான். முகம் வெளுத்திருந்தது.

“சந்து வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா விட்டுக் குடுத்திருப்பேன்டா. உன் பொழப்பைக் கெடுக்கவா நான் வந்தேன்? என்னை ஏமாத்திட்டு, கேட்டா ஆணி வெச்சுக் குத்துறே. சரி போகட்டும். நீ சொல்றதை இனிமே நான் நம்ப மாட்டேன். தங்கச்சி சொல்லட்டும். அன்னிக்கு டேப் பிடிச்சது அதுதானே? அளவு சரின்னு அது சொல்லட்டும், இந்த வேலி இங்கேயே இருக்கட்டும். நான் அறையும் கட்டல, ஒண்ணும் கட்டல.”

சத்தம் கேட்டு ஓடி வந்திருந்த தச்சனின் பெண்டாட்டி புருஷனுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். துண்டில் ஊறிப் பரவுகிற ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லு” என்றான் தச்சன். “சரின்னு சொல்லு!”

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் சந்து அவனுக்கு, பட்டறை அவனுக்கு, நூலு என்கிற பேரும் அவனுக்கே. அவள் டிரைவரைப் பார்த்தாள்.

“தப்புண்ணே” என்றாள். “ஒரு அடியைக் கழிக்காம விட்டுட்டாரு. நேத்தே அவருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் ஆணி அடிச்...”

கொட்டாப்புளி அவள் தாடையில் இறங்கியது. கை தவறி விழுந்தது என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். அந்த வாயை மூட வேண்டும் என்றுதான் அவன் ஓங்கினான், அந்த வாயில்தான் அடித்தான். எலும்பு முறிகிற சத்தம் அவன் காதுக்கே கேட்டது. அவள் சுவரில் மோதிச் சரிந்து விழுந்தாள். கண் செருகிக்கொண்டது, கீழ்த்தாடை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது.

டிரைவர் வேலியை உதைத்து நொறுக்கிக்கொண்டு வந்தான். இடது கையால் தச்சனின் மூக்கில் விட்ட குத்தில் தச்சன் மல்லாந்து போனான். கொட்டாப்புளியைப் பிடுங்கி அவன் மண்டைக்கு நேராக ஓங்கவும் ஓங்கினான். ஆனால் கீழே கிடந்தவளிடமிருந்து ஒரு முனகல் வந்தது. உடனே அதைத் தூக்கி எறிந்துவிட்டு அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டான்.

“என் தப்புடா மச்சான்! நான் கழிக்கலடா! எடுத்துக்கோ, ஒரு அடியென்ன, பட்டறையையே எடுத்துக்கோடா!” என்று தச்சன் தலையில் அடித்துக்கொண்டு கதறினான்.

“இப்ப யாருடா அதைக் கேட்டது?” என்றான் டிரைவர். “வண்டிக் கதவைத் திற.”

லாரியில் அவள் நடுவில் கிடந்தாள். டிரைவரின் பெண்டாட்டி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “அண்ணி, கண்ணைத் திறங்க அண்ணி” என்று வழியெல்லாம் அரற்றினாள். கதவோரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்த தச்சன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. டிரைவர் ரத்தம் ஒழுகுகிற கையாலேயே ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டினான். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும்தான் வாயைத் திறந்தான்.

“வேலி சாஞ்சு விழுந்துச்சுன்னு சொல்லப் போறேன். உனக்காக இல்ல. நீ உள்ளே போயிட்டா தங்கச்சி சோத்துக்கு என்ன பண்ணும்?”

தச்சன் இறங்கி வண்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

உள்ளே அவளைக் கட்டிலில் படுக்க வைத்து, தாடைக்குக் கட்டுப் போட்டு, ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு நினைவு வந்தது. நர்ஸ் ஒரு நோட்டோடு வந்தாள்.

“எப்படி அடிபட்டுச்சு?”

“வேலி சாஞ்சு தங்கச்சி மேல விழுந்துடுச்சும்மா” என்றான் டிரைவர். “பழைய வேலி. எனக்கும் அதுல ஆணி குத்திடுச்சு.”

நர்ஸ் எழுதினாள். பிறகு தச்சனைப் பார்த்தாள். “நீங்கதானே புருஷன்? அப்படித்தானா?”

இல்லை என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். போலீஸ், ஸ்டேஷன், கேஸ் என்று போனால் பட்டறை என்னாகும் என்று நினைத்தான். பாவி, இப்பவும் அதைத்தான் நினைத்தான். தலையை ஆட்டினான்.

“நீங்க சொல்லுங்கம்மா” என்று நர்ஸ் கட்டிலின் பக்கம் குனிந்தாள். “பேச வேண்டாம். வேலிதான் விழுந்துச்சுன்னா தலையை மட்டும் ஆட்டுங்க.”

அவள் தலையை ஆட்டவில்லை. வீங்கிப்போன கண்ணை முழுசாகத் திறந்து புருஷனைப் பார்த்தாள். அவன் கைகளைக் கூப்பினான். அவள் அதைப் பார்த்துக்கொண்டே, ஊசி ஏற்றியிருந்த கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து, அவன் நெஞ்சுக்கு நேராக விரலை நீட்டினாள்.

டிரைவர், “தங்கச்சி, வேணாம்மா” என்றான். கை இறங்கவில்லை.

நர்ஸ் தச்சனையும் அந்த விரலையும் மாறி மாறிப் பார்த்தாள். “நீங்க இங்கேயே நில்லுங்க, எங்கேயும் போகக் கூடாது” என்று அவனிடம் சொல்லிவிட்டு, நோட்டில் எழுதியிருந்த வரியின் மேல் பேனாவை வைத்துக் கோடு இழுத்தாள். அந்தக் கோடு வரியின் கடைசி எழுத்து வரைக்கும் போய்ச் சேருகிற வரையில் கட்டிலில் கிடந்தவள் விரலை மடக்கவில்லை.