பனிக்குள் கேட்ட சத்தம்

என் தம்பி எழிலனுக்கு ஊர்ப் பஞ்சாயத்தார் சால்வை போட்டார்கள். எங்கே தெரியுமா? என் கொழுந்தன் மணவாளனின் கருமாதிப் பந்தலில், இலை போடுவதற்கு முன்னால். துக்க வீட்டில் சால்வை போடுகிற கூத்தை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

அவனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எழிலன் இருப்பது சிதம்பரத்தில். கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டுடியோவில் ட்ரோன் விடுவது அவன் வேலை. அதற்குப் படித்து லைசன்ஸ் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறான். அது போக யூடியூபில் ஒரு சேனல். எங்கள் தேவனாம்பட்டினத்துக்கு வரும்போதெல்லாம் படகு இறக்குவது, வலை இழுப்பது, மீன் ஏலம் போவது என்று எதையாவது மேலே இருந்து எடுத்துப் போடுவான். என் புருஷன் கலியமூர்த்தியும் அவர் தம்பி மணவாளனும் ஒரே ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். தலைக்கு மேலே அந்த மெஷின் ரீங்காரம் போட்டுக்கொண்டு வந்தால் இரண்டு பேருக்கும் தலைகால் புரியாது. வலையைப் போட்டுவிட்டுக் கையை ஆட்டுவார்கள்.

இந்தப் பொங்கலுக்கு அவன் வந்திருந்தபோது மணவாளன் கேட்டான்: "இது எம்மாந் தூரம் போவும் மச்சான்?"

"அது போவும், கிலோமீட்டர் கணக்குல. ஆனா என் கண்ணுக்குத் தெரியற தூரத்தத் தாண்டி வுட மாட்டேன். அதான் ரூல்."

"பனியில வுடுவியா?"

"சும்மா குடுத்தாலும் வுட மாட்டேன். ஈரம் ரெக்கையில படிஞ்சிடும். லென்சு மங்கிடும். முன்னாடி இருக்கிற சென்சாரு பனிய செவுருன்னு நெனச்சிக்கும். மேல போனது எந்தப் பக்கம் போவுதுன்னு பாக்கவே முடியாது. பனி கலையற வரைக்கும் பொட்டியத் தொறக்கக் கூடாது மச்சான்."

"மச்சான் வெவரமானவன்" என்று என் புருஷன் மெச்சிக்கொண்டார். விவரத்துக்கு என்ன குறைச்சல்? வண்டி வண்டியாக இருந்தது.

அது நடந்தது தை மாதக் கடைசியில். மஞ்சக்குப்பத்தில் ஒரு முகூர்த்தம் எடுக்கவேண்டும் என்று எழிலன் முதல் நாளே எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தான். விடியும்போது எதிர் வீடு தெரியவில்லை, அப்படி ஒரு பனி. மண்டபத்துக்குப் போனவன் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்துவிட்டான். "பனியில ட்ரோனு ஏத்த முடியாதுன்னு பொண்ணு வூட்டுல சொல்லிட்டேன். கீழ எடுக்கிற கேமராவே போதும்" என்று ட்ரோன் பெட்டியை மூலையில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தது நான்தான்.

டீ ஆறுவதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து சுவேதா போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். சுவேதா மணவாளனின் பெண்சாதி, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள். அண்ணனும் தம்பியும் இருட்டோடு கடலுக்குப் போயிருந்தார்கள். போனில் மணவாளன் நிதானமாகத்தான் பேசினான்.

"இஞ்சினு நின்னுடுச்சி. நங்கூரம் போட்டுட்டோம். கரைக்குக் கிட்டத்துலதான் இருக்கோம். பனி கலைஞ்சதும் யாராச்சும் வந்து இழுத்துக்கினு போங்க. நீ அழுவாத, என்னா?"

அதோடு லைன் அறுந்துவிட்டது, திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் கிடைக்கவில்லை. நங்கூரம் போட்டாயிற்று என்றால் எங்கள் ஊரில் பாதி உயிர் வீட்டுக்கு வந்த மாதிரி. இனி அவர்கள் நகராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பனியில் வேறு படகை இறக்கினால் அவர்கள் மேலேயே போய் மோதும். அதனால் ஞானசேகரன், எங்களுக்கு அடுத்த படகுக்காரர், காலி டீசல் தகரத்தையும் கட்டையையும் எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தார். நாங்கள் குடத்தையும் தட்டையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனோம். கரையில் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால் கடலில் இருப்பவனுக்குக் கரை எந்தப் பக்கம் என்று தெரியும், மனசுக்கும் தெம்பாக இருக்கும். தட்டினோம். என் பித்தளைத் தட்டு நெளியும் அளவுக்குத் தட்டினேன்.

அப்போதுதான் எழிலன் அந்தப் பெட்டியோடு வந்து நின்றான்.

"டேய், பனியில ஏத்தக் கூடாதுன்னு இப்பதானடா சொன்ன?" என்றேன்.

"அக்கா, மெஷினு பெருசா, மாமா உசுரு பெருசா?"

நின்றிருந்தவர்கள் எல்லாம் "பாத்தியா, அதான் மச்சான்" என்று உருகினார்கள். எனக்கும் அந்த நேரத்தில் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அவன் மூன்று கால் ஸ்டாண்டை மணலில் ஊன்றி, அதில் போனை மாட்டி, முடியைக் கோதிக்கொண்டு "வணக்கம் மக்களே, இப்ப நாம லைவ்ல இருக்கோம்" என்று ஆரம்பித்தான் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆரம்பித்தவன் திரும்பிப் பார்த்து, "அண்ணே, அந்தத் தகரத்தக் கொஞ்ச நேரம் நிறுத்துங்களேன். மைக்ல நான் பேசறது ஒண்ணும் கேக்கல" என்றான்.

"அது அவுங்களுக்கு அடிக்கிறதுடா, ஒனக்கு இல்ல" என்றார் ஞானசேகரன்.

"நான்தான் தேடப் போறேன்ல? தோ, இப்பக் கண்டுபுடிச்சிடறேன்."

நாலு பேர் அவனோடு சேர்ந்துகொண்டார்கள். "படிச்ச பையன் சொல்றான், நிறுத்துப்பா" என்றார்கள். எல்லோருக்கும் அந்தச் சின்னத் திரையைப் பார்க்கவேண்டும். ஞானசேகரன் தகரத்தைக் காலால் உதைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். நான் நிறுத்தவில்லை. யாரோ என் கையிலிருந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டு, "ஒந் தம்பிதான லோகு, செத்த நேரம் சும்மா இரேன்" என்றார்கள். கரை அடங்கிப்போயிற்று.

ட்ரோன் கிளம்பியது. தென்னை மர உயரம் போவதற்குள் பனி அதை விழுங்கிவிட்டது. கொஞ்ச நேரம் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற தூரமாம்! திரையில் ஆட்டிய இட்லி மாவு மாதிரி ஒரே வெள்ளை. மெஷின் கீங் கீங் என்று கத்தியது, ஒரு பெண்குரல் இங்கிலீஷில் என்னமோ எச்சரித்தது. "அது ஒண்ணுமில்ல" என்று அவன் விரலால் தள்ளிவிட்டு, துறைமுகத்து வாய்ப் பக்கம் இன்னும் இன்னும் ஓட்டினான். பேட்டரி தீரும்போது சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்தது. சட்டை நுனியால் லென்சைத் துடைத்தான், வேறு பேட்டரியைப் போட்டு மறுபடியும் ஏற்றினான். "லைவ்ல ஆளு ஏறிக்கிட்டே இருக்குது" என்று வாய்க்குள் சொன்னான். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

வெயில் ஏறிப் பனி கலைந்தபோதுதான் திரை தெளிந்தது. துறைமுகத்து வாயில் கொட்டியிருக்கிற பாறாங்கற்களை ஒட்டி எங்கள் படகு கவிழ்ந்து கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு ஆள். "மாமா! மாமா!" என்று எழிலன் அலறி அழுதான். அந்த அழுகை பொய் இல்லை. ஞானசேகரன் படகை இறக்கிப் பறந்தார். என் புருஷனை உயிரோடு கொண்டுவந்தார்கள். மணவாளனைக் கற்களுக்கு நடுவிலிருந்துதான் எடுக்க முடிந்தது. மண்டையில் அடி.

நங்கூரக் கயிறு அறுந்திருக்கும் என்று ஊரில் முடிவு கட்டிவிட்டார்கள். ஒருவரும் என் புருஷனைக் கேட்கவில்லை, கேட்கிற நிலைமையிலும் அவர் இல்லை. சுவேதா எழிலன் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாச்சும் தேடினீங்களேண்ணா" என்று விம்மினாள். "கடல் எடுத்துக்கிச்சு, யார என்னா சொல்றது" என்று வந்தவர்களிடமெல்லாம் அவளே ஆறுதலும் சொன்னாள். எழிலன் அந்த வீடியோவுக்குச் சோகப் பாட்டு சேர்த்து மறுபடியும் போட்டான். அதை லட்சக்கணக்கில் பார்த்தார்களாம்.

என் புருஷன் சோற்றைப் பிசைவார், சாப்பிட மாட்டார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். கருமாதிக்கு முன் ஒரு நாள் காலையில், நான் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து குந்தி, தலையைத் தூக்காமலே சொன்னார்.

"மொதல்ல தகர சத்தம் கேட்டுச்சி லோகு. அப்பறம் நின்னுடுச்சி. அலை நம்மள எங்கியோ தள்ளிக்கினு போயிடுச்சி போலன்னு பயமாப் போச்சி. அப்பத்தான் மச்சானோட மெஷினு சத்தம். தலைக்கு மேலதான் கேக்குது. அவன்தான் கண்ணுக்குத் தெரியற தூரத்தத் தாண்டி வுட மாட்டானே, அப்ப கரை தோ இங்கதான் இருக்குதுன்னு நெனச்சோம். நங்கூரத்தத் தூக்கிட்டு அதும் பின்னாலியே துடுப்பு போட்டோம். அது போயிக்கிட்டே இருந்துச்சி. திடீர்னு அதுவும் கேக்கல. அடுத்தாப்ல கேட்டது அலை கல்லுல மோதற சத்தந்தான்."

கையில் இருந்த கீரையை வீசி எறிந்தேன். "பாவி, என் கூடப் பொறந்த பாவி" என்று கத்த ஆரம்பித்தேன். அவர் என் வாயைப் பொத்தினார்.

"யார்கிட்டயும் சொல்லாத. எம் மேல சத்தியம். சொன்னா மட்டும் தம்பி வந்துடுவானா?"

என் பிறந்த வீட்டு மானத்தைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். இப்படி ஒரு மனுஷனா என்று அன்றைக்கு முழுக்க அழுதேன். கருமாதி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டும் இருந்தேன்.

கருமாதிப் பந்தலில் பஞ்சாயத்துத் தலைவர் எழுந்து, "தன் மெஷின் போனாலும் பரவாயில்லன்னு பனியில எறங்கித் தேடின பையன்" என்று பேசி, சால்வையை அவன் தோளில் போட்டார். எழிலன் கும்பிட்டான். கும்பிட்டுக்கொண்டே, போன் வைத்திருந்த பையன் பக்கம் லேசாகத் திரும்பி நின்றான். போட்டோவுக்கு. அவ்வளவுதான், சத்தியமாவது மண்ணாவது.

"கழட்டுடா அத!" என்றேன். பந்தலே திரும்பியது. "கல்யாண வூட்டுல பனின்னு சொல்லிட்டுப் பொட்டியத் தொறக்காம வந்தியே, எங்க வூட்டு ஆம்பளங்க மேலதான் ஒனக்கு லைவ் போடணுமா? தகரத்த நிறுத்தச் சொன்னது யாருடா? நீ கண்ணுக்குத் தெரியற தூரத்துலதான் வுடுவன்னு ஒன்ன நம்பி, ஒம் மெஷினு பின்னாலியே வந்தாங்கடா. அங்கதான் கரைன்னு நம்பி நங்கூரத்தத் தூக்கிட்டு வந்தாங்க. அந்தக் கல்லுல கொண்டுபோயி வுட்டது நீதான்டா!"

ஞானசேகரன் "அப்பவே சொன்னேன்" என்று எழுந்தார். எழிலன் முகம் செத்துப்போயிற்று. சால்வையைக் கையில் சுருட்டிக்கொண்டு அழுகிற குரலில் சொன்னான்:

"நான் தேடத்தானக்கா வுட்டேன். நங்கூரம் போட்டவங்க அதத் தூக்குவாங்கன்னு நான் கண்டனா? கடல்ல பொறந்து வளந்தவங்க, பனியில நங்கூரத்தத் தூக்குவாங்களா?"

சரியான கேள்வி என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், சுவரோரமாகத் தலை குனிந்து உட்கார்ந்திருந்த சுவேதா எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. நேராக என் புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"நங்கூரத்தத் தூக்கலாம்னு சொன்னது யாரு மாமா? அவுரா, நீங்களா?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கட்டிய நாளிலிருந்து அந்த மாதிரி ஒரு பார்வையை அவரிடம் நான் கண்டதில்லை. யார் மானத்தைக் காப்பாற்ற என் வாயைப் பொத்தினார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நாந்தாம்மா" என்றார். "தம்பி வேணாம்னுதான் சொன்னான். பனி கலையட்டும்ண்ணான்னு ரெண்டு தடவ சொன்னான். நாந்தான் கேக்கல. அவங் கையில இருந்த கயித்தப் புடுங்கினது நாந்தான்."

சுவேதா அழவில்லை. என் பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

"கடல் எடுத்துக்கிச்சுன்னே நெனச்சிக்கினு இருந்திருப்பேனேக்கா" என்றாள்.