சிவப்புத் துணி கட்டிய கொடி

யுவராணி தபால் பையை ஸ்கூட்டியில் வைத்துக் கிளம்பினால் இரண்டு மணி நேரத்தில் முடிகிற வேலைதான். அவளுக்கு நாலு மணி நேரம் ஆகும். அதற்காக அவளைச் சோம்பேறி என்று யாரும் சொல்லிவிட முடியாது, ஒரு கடுதாசி அவள் கையில் ராத்தங்கியது கிடையாது. வழியில் குறுக்கே வருகிற ஜீவன்களுக்கெல்லாம் நின்று நின்று போனால் பொழுது ஏறாமல் என்ன செய்யும்?

வாய்க்கால் கரையில் ஒரு கீரி, நாலு குட்டிகளோடு குடியிருந்தது. அவை சாலையைக் கடக்கிற வரைக்கும் வண்டியை அணைத்துவிட்டு நிற்பாள். பின்னால் டிராக்டர்க்காரன் ஹாரன் அடித்தால் திரும்பி ஒரு முறை முறைப்பாள், அவனும் அடங்கிவிடுவான். புளியமரத்தில் மாட்டியிருந்த தபால் பெட்டிக்குள் ஒரு தேரை இருந்தது. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் "தள்ளிக்கத்தா" என்று அதை விரலால் ஒதுக்கிவிட்டு, ஈரமான உறைகளை முந்தானையில் துடைத்து எடுத்துக்கொள்வாள். ஒருநாள் தேரையைக் காணோம். அன்றைக்கு முழுக்க மனசே சரியில்லை அவளுக்கு. சாயங்காலம் பையை உதறினால் உள்ளிருந்து தொப்பென்று குதிக்கிறது! அவளோடு ஊரெல்லாம் சுற்றித் தபால் கொடுத்துவிட்டு வந்திருக்கிறது கழுதை. மறுபடி கொண்டுபோய்ப் பெட்டிக்குள் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

"ஒனக்குச் சம்பளம் தபால் ஆபீசு குடுக்குதா, பாரஸ்ட் ஆபீசு குடுக்குதா?" என்று அவள் புருசன் பாண்டீஸ்வரன் கேட்பான். "ரெண்டு பேரும் சேந்து குடுத்தாலும் பத்தாது" என்பாள் யுவராணி.

அவளுடைய கடைசி நிறுத்தம் கம்பம் ஊருக்குக் கிழக்கே நத்தர்ஷாவின் திராட்சைத் தோட்டம். ஒரு ஏக்கர் பன்னீர் திராட்சை. கல்கால் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பந்தல். வாசலை ஒட்டி முதலாவதாக இருந்த கொடி நத்தர்ஷாவின் மனைவி அம்சத் பீவி தன் கையால் நட்டது. பன்னிரண்டு வருசக் கொடி. அடித்தண்டு மணிக்கட்டுப் பருமன் இருக்கும். அந்தக் கொடியின் பழத்தை மட்டும் வியாபாரிக்குக் கொடுக்கமாட்டாள். அறுப்புக்கு முந்தின நாள் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தனுப்புவாள். யுவராணிக்கென்று பேப்பரில் சுற்றி ஒரு குலை எடுத்து வைத்திருப்பாள்.

அந்தக் கொடியில்தான் கொண்டைக்குருவி கூடு கட்டியது. தலையில் கறுப்புக் கொண்டை, வாலுக்கு அடியில் குங்குமம் அப்பினாற்போல ஒரு சிவப்பு, அந்தக் குருவிதான். இலைக்கு நடுவே, கை எட்டுகிற உயரத்தில், உள்ளங்கை அளவுக்குக் கூடு. மூன்று முட்டை இருந்தது, பிறகு மூன்று குஞ்சு. கண் திறக்காமல் வாயை மட்டும் திறந்துகொண்டு கிடந்தன. யுவராணி தினமும் தபாலைக் கொடுக்கிற சாக்கில் பத்து நிமிசம் அங்கே நின்றாள்.

குஞ்சு பொரித்து நாலாம் நாள் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. நத்தர்ஷாவுக்குக் கண் ஆபரேசன். அம்சத் பீவியும் கூடப் போயிருந்தாள், மதுரையில் மகள் ரிஸ்வானா வீட்டில் தங்கல். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரப்பிலிருந்து சொன்னார்: "நாளைக்கு இங்கன கவாத்துத்தா. ராக்கம்மா செட்டு வருது."

யுவராணி அண்ணாந்து கூட்டைப் பார்த்தாள். கவாத்து என்றால் பந்தலில் ஒரு இலை மிஞ்சாது. பழைய கிளையெல்லாம் வெட்டித் தள்ளிவிடுவார்கள், அப்போதுதான் புதுத் துளிர் வரும். தேதியைத் தள்ளிப்போடவும் முடியாது. ராக்கம்மாளின் ஆட்கள் தோட்டம் தோட்டமாக முறை வைத்து வருகிறவர்கள், முறை தப்பினால் மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உடனே நத்தர்ஷாவுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அக்கா கொடியில குஞ்சு இருக்குண்ணே. இன்னும் எட்டு நாளு போதும், பறந்துரும்."

ஆஸ்பத்திரியில் நத்தர்ஷாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "அந்த ஒரு கொடிய விட்டுட்டாப் போகுது. எதையாச்சும் அடையாளம் கட்டி வச்சுருத்தா. ராக்கம்மா பாத்துக்குவா" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மழைக்குத் தபால் பையைச் சுற்றி வைக்கிற பழைய துப்பட்டா ஒன்று அவளிடம் இருந்தது. நைந்துபோன சிவப்புத் துப்பட்டா. அதில் விரலகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து அடித்தண்டில் நன்றாகத் தெரிகிற மாதிரி கட்டினாள். ரயில்வே கேட்டில் சிவப்பு, சிக்னலில் சிவப்பு. சிவப்பைப் பார்த்தால் நிற்கவேண்டும் என்பது யாருக்குத்தான் தெரியாது? நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

திராட்சைத் தோட்டத்தில் சிவப்புக்கு வேறு சட்டம். நோய் கண்ட கொடியில் தோட்டக்காரர் சிவப்புத் துணி கட்டிவிட்டால், கவாத்து ஆட்கள் எதுவும் கேட்காமல் அதை அடியோடு அறுத்துவிட வேண்டும். விட்டால் பந்தல் முழுக்கப் பரவிவிடும். இத்தனை வருசம் அந்தத் தோட்டத்துக்குள் போய் வந்தவளுக்கு இது தெரியாமல் போனதே என்றால், அவள் என்றைக்குக் கொடியைப் பார்த்தாள்? கொடியில் உட்கார்ந்த குருவியை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தாள்!

மறுநாள் பதினோரு மணிக்குப் போனபோது தோட்டம் வெளிச்சமாகக் கிடந்தது. அம்சத் பீவியின் கொடி மட்டும் இலையோடு பந்தலில் படர்ந்திருந்தது. அப்பாடா என்று கிட்டே போனவள் கீழே பார்த்தாள். முழங்கால் உயரத்தில் தண்டு துண்டாகி இருந்தது. வெட்டுவாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே அவள் கட்டிய துணி அப்படியே இருந்தது.

"ஐயோ, யாரு இதை அறுத்தது?"

ராக்கம்மாள் ரம்பத்தோடு வந்தாள். அறுபது வயது, வெற்றிலை வாய். "நாந்தான் அறுத்தேன். செவப்புத்துணி கட்டிருந்துச்சே. சாப்பிட்டு வந்து மேல இருக்கிறதை இழுத்துப் போடணும்."

"விட்டுருங்கன்னு சொல்லத்தானக்கா கட்டினேன்! மேல குஞ்சு இருக்கு!"

ராக்கம்மாள் அண்ணாந்து பார்த்தாள். இலையை விலக்கியதும் மூன்று வாயும் ஒன்றாகத் திறந்தன. அவள் கையிலிருந்த ரம்பம் தானாகக் கீழே இறங்கியது. "அடிப் பாவி மக்கா! செவப்புத்துணி கட்டுனா அறுன்னுல்ல அர்த்தம்! இருவது வருசமா அதான வழக்கம். பச்சையக் கட்டிருக்கலாம், மஞ்சளக் கட்டிருக்கலாம், ஒரு வார்த்தை போன்ல சொல்லிருக்கலாம். இப்ப அந்தம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

"நாந்தான் சொல்லணும்" என்றாள் யுவராணி. குஞ்சைக் காப்பாற்றப் போய்க் கொடியைக் கொன்றுவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அறுத்த கொடியின் இலை இரண்டு நாளில் வாடிவிடும். வெயில் நேரே கூட்டில் இறங்கும், காக்கைக்கும் கண்ணில் பட்டுவிடும். ராக்கம்மாள் திட்டிக்கொண்டே போய் இரண்டு தென்னங்கீற்றை இழுத்து வந்தாள். இருவருமாகக் கூட்டுக்கு மேலே கம்பியில் சாய்த்துக் கட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் தாய்க்குருவி ஒரு புழுவோடு வந்து, கீற்றை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தது. அதற்குப் பிறகுதான் யுவராணி மதுரைக்குப் போன் போட்டாள்.

அம்சத் பீவிதான் எடுத்தாள். யுவராணி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அந்தப் பக்கமிருந்து "சரி, வைய்யி" என்று மட்டும் வந்தது.

மூன்றாம் நாள் அவர்கள் ஊர் திரும்பினார்கள். நத்தர்ஷா கறுப்புக் கண்ணாடியோடு வாசலுக்கு வந்தார். "எம்மேலயும் தப்பு இருக்குத்தா. என்ன கலருன்னு நான் சொல்லிருக்கணும்" என்றார். அம்சத் பீவி, தபாலை நீட்டினால் "அங்கன வச்சுட்டுப் போ" என்பாள், அவ்வளவுதான். வாய் நிறைய "வாத்தா" என்று கூப்பிடுகிறவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்க்க யுவராணிக்குத் திட்டு வாங்குவதே மேல் என்று இருந்தது.

சொன்ன கணக்குக்கு ஒருநாள் முன்னாடியே மூன்று குஞ்சும் பறந்துவிட்டன. கடைக்குட்டி கல்காலில் மோதி, விழுந்து, எழுந்து, முருங்கை மரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வேறு சமயமாக இருந்தால் யுவராணி அதைப் பத்து பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பாள். அன்றைக்குப் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். காய்ந்த கொடியை நத்தர்ஷா இழுத்துப் போட்டார். கட்டை துளிர்த்தாலும் துளிர்க்கும் என்று அதை மட்டும் விட்டுவைத்தார். பிறகு ஒருநாள் கட்டையில் முடிச்சு நெகிழ்ந்து தொங்கிய துணியையும் காணோம். அம்சத் பீவி பிடுங்கி எறிந்திருப்பாள் என்று யுவராணி நினைத்துக்கொண்டாள்.

நாற்பது நாள் போயிற்று. பந்தல் மறுபடி பச்சை பிடித்தது. துளிரைக் கம்பியில் கட்டிவிட ராக்கம்மாளின் ஆட்கள் வந்திருந்தார்கள். யுவராணி புளியமரத்தடியில் தேரையை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அம்சத் பீவியின் நம்பர்.

"எங்கன இருக்க? ஒடனே வா." வைத்துவிட்டாள்.

யுவராணி வழியில் எங்கேயும் நிற்காமல் வண்டியை விரட்டினாள். அன்றைக்குக் கீரிக்கூட்டம் எதிரே வந்திருந்தால் அதற்கும் நின்றிருப்பாளா, சந்தேகம்தான்.

நாலாவது வரிசையில் எல்லோரும் நின்றார்கள். ராக்கம்மாள் ஒரு கொடிக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். கொடிக்கு மேலே இலைக்குள்ளிருந்து ஒரு சிவப்புத் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா? சொல்லு" என்றாள் ராக்கம்மாள். "இருவது வருசத்துல செவப்புத்துணியப் பாத்துட்டு ஒரு கேள்வி கேட்டதில்லடி நான். இன்னைக்கு ரம்பத்தக் கீழ வச்சுட்டு அம்மாட்டப் போயி நிக்கிறேன். இது யாரு கட்டுனது?"

"நான் கட்டலக்கா, சத்தியமாக் கட்டல."

"ஏறிப் பாரு" என்றாள் அம்சத் பீவி.

யுவராணி ஸ்டூலில் ஏறி இலையை விலக்கினாள். கொண்டைக்குருவிக் கூடு. நாருக்கும் வேருக்கும் நடுவே அவளுடைய நைந்த துப்பட்டாத் துண்டைச் சுற்றி வளைத்துப் பின்னியிருந்தது. ஒரு முனை மட்டும் வெளியே தொங்கியது. உள்ளே இரண்டு முட்டை இருந்தது.

"அக்கா... அதே துணிக்கா!"

"தெரியுது. குருவிக்கும் ஒன் புத்தி வந்துருச்சு" என்றாள் அம்சத் பீவி. சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ராக்கம்மாளும் சிரித்தாள், வெற்றிலை எச்சில் தெறித்தது.

யுவராணி ஸ்டூலை விட்டு இறங்கி நின்றாள். சிரிப்பு வரவில்லை. வாசல் பக்கம் கட்டை மொட்டையாகத் தெரிந்தது. அம்சத் பீவியும் அங்கேதான் பார்த்தாள்.

"அது துளிர்க்கலத்தா. இனி துளிர்க்காது. எனக்கு ஒம்மேல கோவம் போகல, பாதிதான் போயிருக்கு."

"சரிக்கா."

"மீதி போறப்பப் போகட்டும். இந்த ரெண்டு முட்டையும் பொரிச்சுப் பறக்கற வரைக்கும் நாலாவது வரிசைக்குள்ள யாரும் போகப்படாதுன்னு இவகள்ட்டச் சொல்லிட்டேன்" என்றாள் அம்சத் பீவி. வீட்டைப் பார்த்து நடந்தவள், பாதியில் நின்று திரும்பினாள். "என்ன அங்கனயே நிக்கிற? வாத்தா, டீ போடுறேன்."